மேடைதான் முதலில், ஸ்டுடியோ அப்புறம்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் ஸ்டுடியோவில் பிறந்தது, மேடையில் வாசித்ததெல்லாம் அதன் நகல் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அது தவறு. ஆல்பம் வெளியானது 1973 மார்ச்சில். ஆனால் 1972 ஜனவரியிலேயே பிரைட்டனில் மேடையேற்றத் தொடங்கிவிட்டார்கள். அன்று 'மணி' பாட்டில் கருவிக் கோளாறு வந்து பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் முழுதாக வாசித்தார்கள்.

சரி, அந்த வருடத்து ஆரம்ப மேடைப் பதிவுகளைக் கேளுங்கள். ஆல்பத்தில் 'ஆன் தி ரன்' என்ற பகுதி வரும் இடத்தில், அதில் கேட்கும் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) ஓட்டமே கிடையாது, கிதாரும் கீபோர்டும்தான் துரத்திக்கொள்கின்றன. ஆல்பத்தில் பாடகி கிளேர் டோரியின் உயிரை உருக்கும் குரல் வர வேண்டிய இடத்தில் ஆர்கனும் பைபிள் வாசகங்களும் கேட்கும். டோரி பாடியதே 1973 ஜனவரியில்தான்.