கால்பந்துத் திடலுக்கு முன்பதிவு சரிவருமா?
சென்னையில் எல்லா மாநகராட்சி விளையாட்டுத் திடல்களையும் செயலியில் முன்பதிவு செய்யும்படி மாற்றினால் யார் ஆடுவது என்ற தகராறு தீர்ந்துவிடும் என்று இங்கே வந்த கட்டுரையை எழுதியவர் சொல்வது ஷட்டில் கோர்ட்டுக்குச் சரி. நான்கு பேர், ஒரு மணி நேரம், கணக்கு முடிந்தது. கால்பந்துத் திடல் அப்படியா? வியாசர்பாடிப் பக்கம் பையன்கள் ஆள் சேரச் சேர அணி பிரித்துக்கொண்டு ஆடுகிறவர்கள். முந்தின நாளே பெயர் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அல்லர். எங்கள் பேட்டைத் திடலில் காவலாளியின் முன்பதிவு நோட்டைப் புரட்டினால் மாலை ஐந்து முதல் ஏழு வரை வாரம் முழுக்க ஒரே பயிற்சி மையத்தின் பெயர்தான். ஓரமாக ஆடலாம் என்றால் அங்கேயும் அந்த மையத்தின் ஆரஞ்சு நிறப் பயிற்சிக் கூம்புகள். அந்த நோட்டைச் செயலியில் ஏற்றினால் மட்டும் பெயர் மாறிவிடுமா? கட்டணம் வாங்கினால்தான் பராமரிப்பு நடக்கும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: 2024 அக்டோபரில் 9 செயற்கைப் புல் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. பத்துப் பேர் ஆடினால் 1,200 ரூபாய். அதற்குத் தனியாரின் வாடகை டர்ஃப் திடலுக்கே போய்விடலாமே! எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முன்பதிவு கட்டாயம் வேண்டுமென்றால், பள்ளி விட்ட பிறகான இரண்டு மணி நேரத்தையாவது பதிவில்லாமல் வருகிறவர்களுக்கு விடட்டும். பயிற்சி மையங்கள் விடியற்காலையில் வரட்டும்.