சலுகை கொடுத்தாயிற்று, வாசிக்க யார் கற்றுக்கொடுப்பது?

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தேர்வில் கிடைக்கும் சலுகைகளை நான் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி படித்துவிட்டுப் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவீர்கள். என் ஆத்திரம் வேறு. கற்றல் குறைபாடு உண்டு என்ற அரசுச் சான்றிதழ் கைக்கு வந்ததும், அந்தப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையே பல பள்ளிகள் கைகழுவிவிடுகின்றன. பெங்களூரில் சிறப்பு ஆசிரியையாக இருந்துகொண்டு இதை எத்தனை நாள்தான் மென்று விழுங்குவது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளை 21 வகையாகப் பட்டியலிட்டது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அதில் இடம்பெற்றன. பெரிய வெற்றி, மறுக்கவில்லை. எட்டு வயது நிறைந்த பிறகுதான் சான்றிதழ் கொடுக்க முடியும் என்று 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டு விதிகள் சொல்லின. பதினான்கு வயதில் மறுபடியும் சோதனை, பதினெட்டு வயதில் இன்னொரு முறை. கடைசியாகக் கொடுப்பது ஆயுள் முழுக்கச் செல்லும். சோதனைக்கு நம் ஊர் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் தயாரித்த வினாத் தொகுப்பையே அந்த விதிகள் குறிப்பிட்டன. ஸ்ரீராமபுரத்திலிருந்தும் விவேக்நகரிலிருந்தும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓசூர் சாலையிலிருக்கும் நிம்ஹான்ஸுக்கு வரும் தமிழ்ப் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கோப்பு நிறைய பழைய நோட்டுகள், சிவப்பு மையில் திருத்திய விடைத்தாள்கள். அந்த ஒரு தாள் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித்தான் வருகிறார்கள்.

அந்தத் தாள் என்ன தருகிறது? தேர்வில் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவர், வினாவை வாசித்துக் காட்டுபவர். சிபிஎஸ்இ பள்ளியானால் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவை அத்தனையும் தேர்வறைக்குள் நடப்பவை. வகுப்பறையில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பள்ளியில் யாரும் பேசுவதில்லை. மருந்துச் சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் வாசித்துக் காட்ட வாழ்நாள் முழுவதும் கூடவே யார் வருவார்?

எட்டு வயதுக்கு முன்னால் நடப்பது இன்னும் மோசம். ஒன்றாம் வகுப்பில் பிள்ளை எழுத்துக் கூட்டத் திணறினால், “பொறுத்திருங்கள், தானாக வந்துவிடும்” என்கிறார்கள். பேச்சு தானாக வரும். வாசிப்பு அப்படி வருவதில்லை, யாராவது உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும். வாசிப்பைப் பிடித்துக்கொள்ள மிக நல்ல வயதான ஐந்து முதல் எட்டு வரையிலான காலத்தைக் காத்திருப்பில் தொலைத்துவிட்டு, பிறகு சலுகைக்கு வரிசையில் நிற்கிறோம்.

இத்தனைக்கும் முறை தெரியாமல் இல்லை. அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளரும் 1930-களிலேயே இதற்கு வழி வகுத்துவிட்டார்கள். ஒலியை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கண்ணும் காதும் கையும் சேர்ந்து வேலை செய்யும்படி வெளிப்படையாகக் கற்றுக்கொடு, எதையும் ஊகத்துக்கு விடாதே என்பது அதன் சாரம். சோவியத் உளவியலாளர் தானியேல் எல்கோனின் பெயரில் ஒரு கட்டப் பயிற்சி இருக்கிறது. நான் அதற்குப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன்.

ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. தாளில் மூன்று கட்டம். “சன்” என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறேன், எத்தனை ஒலி கேட்கிறதோ அத்தனை கொட்டையைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். அவள் “ஸ” என்று ஒன்றைத் தள்ளுகிறாள், “ன்” என்று இன்னொன்றை. மூன்றாவது கட்டம் காலி. அவள் காதில் பழுது ஒன்றும் இல்லை. தமிழும் கன்னடமும் புழங்கும் பிள்ளைக்கு மெய்யும் உயிரும் ஒட்டியே கேட்கும், நம் எழுத்தே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஒட்டைப் பிரித்தால்தான் எழுத்துக் கூட்ட முடியும். “ஸ்ஸ்ஸ்… அஅஅ… ன்ன்ன்” என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே கட்டத்தின்மேல் விரலை நகர்த்துகிறேன். இழுக்க முடியாத ப், ட், க் போன்ற ஒலிகளில் தொடங்கவே கூடாது. தொடங்கினால் பிள்ளை “ப” என்றுதான் சொல்லும். நான்கைந்து சொல்லுக்குப் பிறகு நடுவில் மூன்றாவது கொட்டை விழுகிறது. பிறகு கொட்டைக்குப் பதில் எழுத்து அட்டை, முதல் அட்டையை மட்டும் மாற்றினால் “ரன்”, இன்னொரு அட்டைக்கு “பன்”. அதை அவளாகவே வாசித்துவிட்டு, ஐயங்கார் பேக்கரி பன்னா என்று கேட்டாள். இதற்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

இனி என் மனத்தில் வெகுநாளாக உறுத்தும் விஷயம். பெங்களூரில் சான்றிதழ் வந்ததும் முதலில் கழற்றிவிடப்படுவது பெரும்பாலும் கன்னடம்தான். ஆங்கிலத்தைத் தொடுவதே இல்லை, அது சோறு போடும் மொழியாயிற்றே! ஆனால் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எது கடினம்? 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை ஒப்பிட்டது. ஆண்டு முடிவில் ஃபின்லாந்துக் குழந்தைகள் அநேகமாக எல்லாச் சொற்களையும் பிழையின்றி வாசித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள் வாசித்தது மூன்றில் ஒரு பங்குதான். எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாத மொழி ஆங்கிலம். கன்னடத்தில் எழுதியதை எழுதியபடி வாசிக்கலாம். அதற்காகக் கன்னடம் கிள்ளுக்கீரை என்று சொல்லவில்லை. காகுணிதமும் (நம் உயிர்மெய் வரிசை போன்றது) ஒத்தக்ஷரமும் (ஓர் எழுத்தின் அடியில் இன்னொரு மெய் ஒட்டும் கூட்டெழுத்து) சேர்ந்தால் நூற்றுக்கணக்கான வடிவங்கள். பெங்களூர் ஆய்வாளர் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றைக் கைக்கொள்ள நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டியது. நேரம் பிடிக்கும், ஆனால் ஒருமுறை பிடிபட்டால் ஏமாற்றாது. ‘என்னாலும் வாசிக்க முடிகிறது’ என்ற தெம்பை முதலில் கொடுக்கக்கூடிய மொழியைப் பிடுங்கிவிட்டு, காலை வாரிவிடும் மொழியைப் பிள்ளையிடம் விட்டுவைப்பதை நான் சலுகை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தமிழ் வீடுகளுக்கு இன்னொரு அறிவுரையும் வரும்: “வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுங்கள், பிள்ளைக்குக் குழப்பம்.” நான் பார்த்தவரை, இதைச் சொன்னவர்களில் பலர் தங்கள் வீட்டில் மூன்று மொழி பேசுகிறவர்கள்! பல மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா வருவதில்லை. பாட்டியிடம் கதை கேட்டு, கேள்வி கேட்டு, வாக்குவாதம் செய்து வளரும் சொல்வளம்தான் பின்னாளில் எந்த மொழியில் வாசித்ததையும் புரிந்துகொள்ளக் கைகொடுக்கும். அரைகுறை ஆங்கிலத்தில் “கம், ஈட், ஸ்லீப்” என்று மட்டும் பேசும் வீட்டில் அது எங்கிருந்து வரும்?

சில பள்ளிகள் ஒரு படிவம் கொடுக்கின்றன: உங்கள் பிள்ளை பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா? பயிற்சிப் பட்டறைகளில் இது சக்கைப்போடு போடுகிறது. இப்படிப் பிரித்து, அந்தந்தப் பாணிக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உளவியலாளர்கள் நால்வர் 2008-இல் அலசி எழுதிவிட்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் மூன்றும் வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பும் நேரத்தில் பத்துச் சொல் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

மற்றத் தேவைகள் உள்ள பிள்ளைகளுக்கும் பாதி வேலை இப்படிச் சின்னச் சின்னதுதான். காது மந்தமான பிள்ளை இருக்கும் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். கவனம் நிலைக்காத பிள்ளையிடம் ஒரே மூச்சில் ஐந்து வேலை சொல்லாதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய நாளின் வரிசையைப் படமாக ஒட்டி வையுங்கள். சிறப்பு ஆசிரியர்கள் தொடக்க வகுப்புகளில் இத்தகைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. எங்கள் நிலவரம் கேட்காதீர்கள். நான் அறிந்த ஒரு பள்ளி, பிள்ளையுடன் உட்கார உதவி ஆசிரியை ஒருவரைப் பெற்றோரே சம்பளம் கொடுத்து அழைத்துவரச் சொல்கிறது. கல்விக் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறைப்பதில்லை.

“நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இதற்கெல்லாம் ஏது நேரம்?” நியாயமான கேள்வி. ஒன்றாம் வகுப்பில் தினமும் கால்மணி நேர ஒலிப்பயிற்சியை மொத்த வகுப்புக்கும் சேர்த்தே நடத்தலாம், யாருக்கும் நட்டமில்லை. பெரிய வகுப்புகளுக்கு 1990-களில் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பின் வழி இருக்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை, எந்த வகுப்பு என்று பார்க்காமல், எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்கும் நிலைப்படி பிரித்து, தினமும் கொஞ்ச நேரம் அந்த நிலையிலிருந்தே கற்றுக்கொடுப்பது. கூடுதல் கட்டடமும் வேண்டாம், வெளிநாட்டு மென்பொருளும் வேண்டாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், என் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது யார், வாரத்தில் எத்தனை நாள், எந்தப் பாடவேளையில் என்று கேளுங்கள். கால அட்டவணையில் காட்டச் சொல்லுங்கள். சிறப்பு அறை இருக்கிறது என்று வண்ணம் பூசிய ஓர் அறைக்கு அழைத்துப் போவார்கள். அறையைக் கேட்கவில்லை, ஆளையும் நேரத்தையும் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வரவில்லையே, கன்னடம் சரளமாக இல்லையே என்று கூச்சப்படாதீர்கள். தமிழிலேயே கேளுங்கள், இந்த ஊர்ப் பள்ளிகளில் அதைப் புரிந்துகொள்ள அலுவலகத்தில் ஒருவராவது இருப்பார்.