விருது கொடுங்கள், ஆனால் முதலில் அந்த வகுப்பறையில் போய் உட்காருங்கள்

ஒரு ஆசிரியரைக் கௌரவிக்க எடுத்த விழாவில் அவரையே பேசவிடாமல் மைக்கை வாங்கிய அந்த வீடியோவை, தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்றிலிருந்து இன்பாக்ஸில் வந்துகொண்டே இருக்கிறது. பார்த்துவிட்டேன். அந்த டீச்சர் "எங்க ஸ்கூல்ல ஒன்னாம் வகுப்புப் பிள்ளைங்க..." என்று ஆரம்பித்த உடனேயே மைக்கை வாங்கியதையும், அவர் சிரித்துக்கொண்டே ஓரமாக ஒதுங்கி நின்றதையும் பார்த்தேன். அந்தச் சிரிப்புதான் ராத்திரி தூங்கவிடவில்லை. வருஷக்கணக்காக ஒதுங்கி நின்று பழகியவர்களுக்குத்தான் அப்படிச் சிரிக்க வரும்.

நேரமில்லையாம், சிறப்பு விருந்தினர் கிளம்ப வேண்டுமாம். சரி. வரவேற்புரைக்கு நேரம் இருந்தது. முன்னிலை வகித்தவர்கள் ஒவ்வொருவரும் பேச நேரம் இருந்தது. ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்ள நேரம் இருந்தது. யாருக்காக விழா எடுத்தார்களோ அவருக்கு மட்டும் ஒரு நிமிஷம் இல்லை. அந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்கக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இதை ஒரு விழாவில் நடந்த கோளாறு என்று நான் விட்டுவிடத் தயாராக இல்லை. ஆசிரியர்களைக் கௌரவிக்கிறோம் என்கிறவர்கள் அவர்களுடைய வகுப்பைப் பார்ப்பதில்லை. என் கோபம் முழுக்க அதுதான். பார்க்காமல் எதைக் கௌரவிக்கிறீர்கள்?

தேசிய நல்லாசிரியர் விருது 1958-இல் தொடங்கியது. 2018-இல் விதிகளை மாற்றினார்கள். அதிலிருந்து ஆசிரியர் தன் பெயரைத் தானே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்த பணிகளுக்கு அறிக்கை, புகைப்படம், வீடியோ எல்லாம் சேர்த்து ஏற்ற வேண்டும். மாவட்டக் குழு, மாநிலக் குழு, கடைசியில் தேசிய நடுவர் குழு. அந்த வருஷம் தேர்வானவர்கள் நாடு முழுவதுக்கும் சேர்த்து 45 பேர். செப்டம்பர் 5 அன்று டெல்லியில் சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். நம் மாநிலத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது, 10,000 ரூபாய், பதக்கம், சான்றிதழ். எல்லாம் சரி. குழுக்கள் ஆவணங்களைச் சரிபார்க்கிறார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆவணத்தைச் சரிபார்ப்பது வேறு, கடைசி பெஞ்சில் ஒரு பீரியட் உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்ப்பது வேறு. நல்ல ஆசிரியரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிற விஷயம் அந்த ஒரு பீரியடில்தான் இருக்கிறது.

எனக்கு நான்காம் வகுப்பு எடுத்த டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன், அப்போது புரியும். அவர் நோட்டுத் திருத்தும்போது தப்புக்குப் பெருக்கல் குறி போடவே மாட்டார். தப்பு இருக்கிற வரிக்கு நேராக, ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். அந்த வரியில் எங்கே தப்பு என்று நாமே தேட வேண்டும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் 400-லிருந்து 167-ஐக் கழித்து 367 என்று எழுதியிருந்தான். டீச்சர் திட்டவில்லை. "எப்படிடா வந்துச்சு, எனக்குச் சொல்லிக் குடு" என்று அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவன் சொன்னான்: பூஜ்ஜியத்திலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்தேன். டீச்சர் தலையாட்டினார். "சரி, இப்ப 367-ஐயும் 167-ஐயும் கூட்டு. நானூறு திரும்பி வரணும்ல?" கூட்டினான். 534 வந்தது. அவன் முகம் மாறியது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவனே அழித்தான், அவனே பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கினான், 233 என்று எழுதினான். டீச்சர் அதற்குள் எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

மொத்தமே ஐந்து நிமிஷம் இருக்கும். பையன் எங்கே தப்பினான் என்று மட்டும் அவர் பார்க்கவில்லை, எப்படி யோசித்துத் தப்பினான் என்று கண்டுபிடித்தார். விடையைச் சொல்லாமலேயே விடைக்குக் கொண்டுபோனார். இதை எந்தப் புகைப்படத்தில் எடுப்பீர்கள்? எந்த அறிக்கையில், எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவீர்கள்? மரம் நட்டால் போட்டோ இருக்கும், சுவரில் ஓவியம் வரைந்தால் போட்டோ இருக்கும், நன்கொடையில் கம்ப்யூட்டர் வாங்கினால் ரசீதே இருக்கும். ஒரு பிள்ளைக்குக் கழித்தல் புரிந்ததற்கு ரசீது கிடையாது.

அவருடைய பணி நிறைவு விழாவுக்குப் போயிருந்தேன். பணியில் சேர்ந்த தேதி, வேலை பார்த்த பள்ளிகள், மாறுதல் வாங்கிய வருஷங்கள், ஓய்வு பெறும் தேதி, எல்லாம் தாளைப் பார்த்து வாசித்தார்கள். பணிப் பதிவேட்டை அப்படியே நகல் எடுத்த மாதிரி. அந்தப் புள்ளியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தெரிந்தால்தானே பேசுவார்கள். பழைய மாணவர் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசட்டுமா என்று கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லை என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆத்திரம் இத்தனை வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது போல, நேற்றைய வீடியோ கிளறிவிட்டது.

இதற்கு என்னென்ன பதில் வரும் என்று தெரியும். போன பதிவிலேயே வந்துவிட்டது.

"விண்ணப்பிக்காமல் இருந்தால் அரசுக்கு எப்படித் தெரியும்?" நண்பர்களே, ஒரு ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் சமாளிக்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் இன்னொருவருக்கு ஐந்து வகுப்பும். அவர் எப்போது உட்கார்ந்து தன்னைப் பற்றித் தானே வீடியோ எடுப்பார்? "நான் சிறந்த ஆசிரியர், எனக்கு விருது கொடுங்கள்" என்று எழுதக் கூச்சப்படுகிறவர்கள்தான் நான் பார்த்த நல்ல ஆசிரியர்களில் பாதிப் பேர். அந்தக் கூச்சத்துக்குத் தண்டனையா?

"முன்பு சிபாரிசு நடந்தது, அதைத் தடுக்கத்தான் இந்த முறை" என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சிபாரிசைத் தடுக்க வழி நேரில் போய்ப் பார்ப்பது. பார்க்க ஆளில்லை என்றால் அதைச் சொல்லுங்கள்.

"விருது வாங்கியவர்களைக் கேவலப்படுத்துகிறாய்." இல்லவே இல்லை. மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே 2020-இல் உலக ஆசிரியர் பரிசு வாங்கினார். பத்து லட்சம் டாலர். அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்கும் பிரித்துக் கொடுத்தார். ஜெயித்தவருக்கே தெரிகிறது, தன் பக்கத்தில் நிற்பவர்களும் தனக்கு இளைத்தவர்கள் இல்லை என்று. வாங்கியவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கொடுக்கிறவர்களைத்தான் கேட்கிறேன்.

அப்புறம் அந்த நிரந்தரப் பல்லவி: "கைநிறையச் சம்பளம் வாங்குகிறார்கள், இதில் விருது வேறு ஒரு கேடா?" இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. மருத்துவருக்கும் சம்பளம் உண்டு, நீதிபதிக்கும் உண்டு. அவர்களிடம் போய் இதைச் சொல்வீர்களா? உங்கள் பிள்ளை 'ழ'வைச் சரியாகச் சொன்ன அன்றைக்கு வீட்டில் எல்லோரும் கைதட்டினீர்களே, அது வானத்திலிருந்தா வந்தது? கொரோனா நேரத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஒரே ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க முடியாமல் எத்தனை பேர் புலம்பினீர்கள்? அதற்குள் மறந்துவிட்டதா? இப்போது அந்த ஆசிரியர்கள் காலையில் வந்ததும் கல்வித்துறையின் எமிஸ் (EMIS) செயலியில் வருகைப் பதிவு, அப்புறம் அந்தப் பட்டியல், இந்தப் பட்டியல், நடுவில் வாக்காளர் பட்டியல் வேலை, எல்லாம் முடித்த பிறகுதான் சாக்பீஸைத் தொடுகிறார்கள். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அத்தனை பிள்ளைகளுக்கும் எழுத்தும் கணக்கும் வந்தாக வேண்டும் என்று பொறுப்பைக் கொடுத்தது யார் தலையில்? மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்ட முடியாத ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து வாசிக்க வைப்பவருக்கு ஒரு நிமிஷம் மைக் கொடுக்க முடியாதா?

ராதாகிருஷ்ணன் பிறந்தநாளை ஏன் கொண்டாடுகிறோம் என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்கள். 1921-இல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, மாணவர்கள் பூ அலங்கரித்த வண்டியில் அவரை உட்காரவைத்துத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர்கள் செய்த மரியாதை அது. அவர் யாருக்கும் விண்ணப்பம் போடவில்லை.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விருதுக்கு ஆள் தேடும்போது பழைய மாணவர்களைக் கேளுங்கள். ஐந்து வருஷம், பத்து வருஷம் முன்னால் அந்த வகுப்பில் படித்தவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய்ப் பின்னால் உட்காருங்கள். விழா எடுத்தால் ஆசிரியரை முதலில் பேசவிடுங்கள், மற்றவர்கள் மிச்ச நேரத்தில் பேசட்டும். விருந்தினர் கிளம்ப வேண்டுமென்றால் கிளம்பட்டும்.

கமெண்டில் சம்பளக் கணக்கு போட வருகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை. முதல் வரியில் உங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததில் இன்றைக்கும் உங்களிடம் இருக்கிற ஒரு விஷயத்தை எழுதுங்கள். அதை எழுதிவிட்டு வாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடுகிறேன்.