இந்த முறையாவது அந்த வெண்கலத்தை நாம் வாங்க வேண்டும்

நேற்று மாலை நுங்கம்பாக்கத்தில் ஒரு பழைய வீட்டின் கூடத்தில், ஒரு வெண்கலச் சிற்பத்துக்கு எதிரே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி அமர்ந்திருக்கும் பெண். உயரம் ஒன்றரை அடிதான். கன வார்ப்பு என்பதால் இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். பீடத்தின் ஓரத்தில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு சிறு அட்டை.

இதே சிற்பத்தை 1987இல் பார்த்திருக்கிறேன். அன்றும் அது விற்பனைக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது. யாரும் வாங்கவில்லை.

அப்போது திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். மாதச் சம்பளம் 450 ரூபாய். ஒரு கலைக்கூடத்தின் அழைப்பிதழ்களும் விலைப்பட்டியல்களும் எங்களிடம்தான் அச்சாகும். அவற்றைக் கட்டி, சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. கலைக்கூடத்தை நடத்திய பெண்மணியை அச்சகத்தில் எல்லோரும் ‘கேலரி அம்மா’ என்போம். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அவர் பெயரையும் சிற்பியின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

அன்றைய மதராசில் ஓவியமும் சிற்பமும் விற்பதற்கென்றே இருந்த தனியார் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் கூடம் இருந்தது. வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்கள் அவ்வப்போது இடம் கொடுக்கும். அந்தக் காலத்தில் தன் வீட்டின் முன்பகுதிக்கு வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, கதவைத் திறந்து வைத்தவர் அவர். வருகிறவர்களில் பாதிப் பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்து, ஒவ்வொரு படைப்பாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

ஒருமுறை அழைப்பிதழில் ஒரு கலைஞரின் தலைப்பெழுத்து விடுபட்டுப்போனது. 200 அட்டைகள் அச்சாகிவிட்டன. நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். “பெயர் முழுதாக இருக்க வேண்டும் தம்பி. இப்போதைக்கு அவருக்கு நம்மால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்” என்று சொல்லி, காகிதச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு மறுபடி அச்சிடச் சொன்னார். அச்சகத்து முதலாளியிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விற்றுப்போன படைப்பின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டுவது கலைக்கூடங்களின் வழக்கம். அம்மா அதற்கு வளையல் கடையில் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டையே எடுத்துக்கொள்வார். 1987 டிசம்பரில் அந்தச் சிற்பியின் கண்காட்சி 12 நாள் நடந்தது. மூன்றே மூன்று பொட்டுகள், மூன்றும் கோட்டோவியங்களுக்கு. கடைசி நாள் மாலை அச்சுக் கூலி வாங்கப் போயிருந்தேன். விளக்கை அணைப்பதற்கு முன் அம்மா பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை உரித்து, 14ஆம் எண்ணான இந்த வெண்கலத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

“போய்விட்டதா அம்மா?” என்று கேட்டேன்.

“போய்விட்டது தம்பி. வாங்கியது நான்தான். பொங்கலுக்குள் வார்ப்புப் பட்டறைக்குப் பாக்கி கொடுக்க வேண்டும். அவர் யாரிடம் போய் நிற்பார்?”

விலை 9,000 ரூபாய். அந்த வருடம் அவர் கலைக்கூடத்தில் அவ்வளவு லாபம் வந்திருக்காது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கலைக்கூட உரிமையாளரின் ‘சொந்தத் தொகுப்பு’ என்றதும், சந்தைக்கு வந்ததில் நல்லதையெல்லாம் முதலில் தனக்கு எடுத்துக்கொண்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நேற்று அங்கே வந்திருந்த ஒருவரும் அப்படித்தான் பேசினார். எனக்கு மிகவும் வலித்தது. அம்மாவின் தொகுப்பில் பெரும்பகுதி இந்த ஊர் வாங்காமல் விட்டவை. வாங்கியிருக்க வேண்டிய நாம் வாங்கவில்லை. நமக்குப் பதில் அவர் வாங்கினார்.

அதிலும் சிற்பியின் பாடு தனி. ஓவியம் விற்கவில்லை என்றால் சட்டத்தைக் கழற்றி, துணியைச் சுருட்டிப் பரண்மேல் போடலாம். வெண்கலம் அப்படியல்ல. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சி உருவம் செய்ய வேண்டும். அதன்மேல் வண்டல் மண்ணைப் படலம் படலமாகப் பூசி, ஒவ்வொன்றையும் காயவைத்து, கம்பி கட்டி, சூடேற்றி மெழுகை வடித்துவிட வேண்டும். மெழுகு இருந்த இடத்தில் உருகிய உலோகம் இறங்கும். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் சிலை. பிறகு உளியும் அரமும் பிடித்து வாரக்கணக்கில் வேலை. செம்பும் விறகும் கூலியும் முன்கூட்டியே கடன். சிலை விற்றால்தான் கடன் அடையும். அதனால்தான் மதராஸ் சிற்பிகள் பலருடைய நல்ல படைப்புகள் சுடுமண்ணிலும் சிமென்டிலும் பாரிஸ் சாந்திலும் நின்றுவிட்டன. வெண்கலத்துக்கு வழியில்லை.

அந்தப் பெண்ணின் மடியில் இருக்கும் முறத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சிற்பி பின்னலை உளியால் கீறவில்லை. தன் வீட்டு மூங்கில் முறத்தையே மெழுகின்மேல் வைத்து அழுத்தியிருக்கிறார். ஊடும் பாவுமாக ஒவ்வொரு பிளாச்சும் அப்படியே உலோகத்தில் விழுந்திருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு பிளாச்சு ஒடிந்து, அதை நூலால் கட்டியிருக்கிறார்கள். அந்த நூலின் முறுக்குகூடத் தெரிகிறது. அந்த முறம் என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும். இந்த வெண்கலத்தில் இருக்கிறது.

மெழுகை வடித்து, மண்ணை உடைத்து எடுத்த வார்ப்பு என்பதால் இதற்கு இரண்டாவது பிரதி கிடையாது. அச்சைப் பிரித்தெடுத்து மறுபடி வார்க்கும் முறையும் உண்டு; நம் மெரினா உழைப்பாளர் சிலையின் இன்னொரு வார்ப்பு டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூட வளாகத்தில் நிற்கிறது. இங்கே அந்த வசதி இல்லை. இது ஒன்றுதான். ஒரு பங்களாவின் உள்ளறைக்குள் போய்விட்டால், நம் பிள்ளைகள் யாரும் இதைப் பார்க்கப் போவதில்லை.

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த சிற்பம்தான் தொல்பொருள். அதற்கு இளையதென்றால் தாராளமாக வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நூறாண்டு ஆகாவிட்டாலும் சிலருடைய படைப்புகளை நாட்டின் ‘கலைச் செல்வம்’ என்று அறிவித்து, வெளியே போகாமல் காக்கிறார்கள். ரவி வர்மா, தாகூர் குடும்பத்தின் மூவர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில், சைலோஸ் முகர்ஜி, நிக்கோலஸ் ரோரிச் என்று ஒன்பது பேர். சிற்பி என்று அறியப்பட்டவர் அதில் ஒருவர்கூட இல்லை. மதராஸ் கலைக் கல்லூரியிலிருந்து எழுந்த தலைமுறையிலிருந்தும் ஒருவர் இல்லை.

அந்தத் தலைமுறை சாதாரணமானதா? 1850இல் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சவுத்ரியிடம் படித்த சிற்பி தனபால், பிறகு அதே கல்லூரிக்கு முதல்வரானார். ஜானகிராம், கோயில் மூர்த்திக்குச் சாத்தும் கவசத்தைப் போலச் செப்புத் தகட்டை அடித்தெடுத்து, கம்பியை ஒட்டவைத்துப் புதிதாக ஒரு சிற்ப மொழியையே உண்டாக்கினார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்த கலைஞர்கள் பாத்திக் துணி செய்து விற்ற காசைச் சேர்த்து நிலம் வாங்கி, 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். அரசின் கையை எதிர்பார்க்காமல் தங்கள் உழைப்பிலேயே ஒரு கிராமத்தை எழுப்பியவர்கள் அவர்கள். மதராஸ் கலை இயக்கம் என்று அழைக்கப்படும் அந்தத் தலைமுறையின் படைப்புகளுக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. போகாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். ஆனால் முழுச் சுமையையும் அவர்கள் தோளிலேயே வைத்துவிடலாமா?

வெண்கலத்தின் அருமை நமக்குத் தெரியாததல்ல. களவுபோன பத்தூர் நடராசரை மீட்க லண்டன் நீதிமன்றம் வரை வழக்காடி, 1991இல் ஊருக்குக் கொண்டுவந்தோம். ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தார். செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண்ணீர் வந்தது. கடல் தாண்டிப் போய்க் கேட்கத் தெரிந்த நமக்கு, நுங்கம்பாக்கம் வரை வந்து கேட்க முடியாதா?

“அது தெய்வம், இது பொம்மை. இரண்டும் ஒன்றா?” என்று ஒரு நண்பர் கேட்டார். ஒன்றென்று நான் சொல்லவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நான் கைகூப்பித்தான் நிற்பேன். ஆனால் அதே அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படங்களில் மட்டும் பார்த்துவிட்டு, பாரிஸில் இருந்த சிற்பி ரோதான் 1913இல் உருகி எழுதினார். 1921இல் அது அச்சானது. வழிபடுகிறவராக அல்ல, உலோகத்தில் உடலைச் செய்யத் தெரிந்தவராகப் பார்த்தார். அந்தக் கண்ணோடு பார்த்தால், கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணின் தோளிலும் இடுப்பின் வளைவிலும் காவிரிக்கரை ஸ்தபதிகளின் கை தெரியும். அந்தக் கை 11ஆம் நூற்றாண்டோடு ஓய்ந்துவிடவில்லை. 1987இலும் மெழுகு பிசைந்துகொண்டிருந்தது. கலைக் கல்லூரியிலிருந்து அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே வரையப் போகும் ஒரு மாணவி இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

அரசுக்கு ஆயிரம் செலவு இருக்கிறது என்பதும் தெரியும். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் 10 சிலைகளை நிறுவிய ஊர் இது. சிலை எடுக்க நாம் தயங்கியதே இல்லை. அந்தப் பழக்கத்தைச் சற்றே நீட்டி, கலைஞர் தன் மனதுக்காகச் செய்த சிற்பத்தையும் வாங்க வேண்டும். வருடத்துக்கு மூன்றோ நான்கோ போதும். ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, கலைஞர்களும் அருங்காட்சியகத்தாரும் உள்ள குழு ஒன்று தேர்ந்தெடுக்கட்டும். முதலில் இப்படிப்பட்ட பழைய தொகுப்புகளிலிருந்து வாங்கட்டும். இந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாகின்றன. தொகுப்புகள் சிதறுவது அப்போதுதான்.

அம்மாவின் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமே இல்லை. பாகம் பிரிக்க வேண்டும், வீட்டை ஒழிக்க வேண்டும். பொது இடத்துக்குப் போவதானால் விலையைக் குறைத்துக்கொள்ளத் தயார் என்று மகள் சொன்னார். அந்த வார்த்தையை நம்பித்தான் எழுதுகிறேன்.

வாங்குகிறவர் யாராயினும் ஒன்று சொல்ல வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, ஒரு சிற்பம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அந்த விலையில் சிற்பிக்கோ அவர் வாரிசுகளுக்கோ பங்கு கேட்கும் உரிமை உண்டு; அந்தப் பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் போகாது. 1994 திருத்தத்திலிருந்து இருக்கும் உரிமை இது. நான் விசாரித்த கலைஞர்களின் குடும்பங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மகளிடம் சொன்னபோது உடனே குறித்துக்கொண்டார்.

இன்னொன்று, வீட்டில் வெண்கலம் வைத்திருப்பவர்களுக்கு. சிற்பத்தின் வலது முழங்கால் மட்டும் பளபளவென்று மின்னுகிறது. நடுவில் யாரோ நல்ல எண்ணத்தில் புளி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். சிற்பி திராவகமும் தீயும் வைத்துப் பக்குவமாக ஏற்றிய கரும்பழுப்பு நிறம் அந்த இடத்தில் போய்விட்டது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் சிற்பத்தைத் துலக்காதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். பச்சைக் களிம்பு பூத்தால் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

அம்மாவின் பேரேடுகள் என்ன ஆயின என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டை ஒழித்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டனவாம். யார் எதை எப்போது என்ன விலைக்கு வாங்கினார் என்று முப்பது வருடம் அவர் கைப்பட எழுதியவை. கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தக் கண்காட்சிகளின் அழைப்பிதழ், விலைப்பட்டியல், புகைப்படம் எதுவும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.

நேற்று இரவு என் இரும்புப் பெட்டியைக் கொட்டித் தேடினேன். 1987 விலைப்பட்டியலின் ஒரு பிரதி இருந்தது. 14ஆம் எண், ‘முறம்’, வெண்கலம், ரூ. 9,000. சிற்பியின் பெயர் தலைப்பெழுத்தோடு முழுதாக இருக்கிறது. சிற்பத்தைப் பார்வையிட ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நாளைக் காலை இந்தத் தாளைக் கொண்டுபோய் மகளிடம் கொடுக்கப் போகிறேன். சிற்பம் எங்கே போனாலும் இதுவும் கூடப் போகட்டும். அருங்காட்சியகத்துக்கோ கலை பண்பாட்டுத் துறைக்கோ எட்டும் குரல் உள்ளவர்கள் என்னோடு வாருங்கள். பத்து மணிக்கு அந்த வீட்டு வாசலில் இருப்பேன்.