என்ன மருந்து போடுறாங்க என்று மட்டும் கேட்காதீர்கள்

சுகர் இருப்பவர் காலில் புண் என்று கேள்விப்பட்டால் நம் ஆட்கள் உடனே கேட்பது, "என்ன மருந்து போடுறாங்க?" காலில் எதை மாட்டிக்கொண்டு நடக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஏன் என்பதற்கான விடை வேலூரில், தொழுநோயாளிகளின் கால்களில் கிடைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் அறுவை மருத்துவராக அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரலும் பாதமும் தானாகவே அழுகி விழுகின்றன என்று பலரும் நம்பிய காலம். அவர் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது. வலி தெரியாததால் அந்த மனிதர் புண்மேலேயே மிதித்து நடக்கிறார். நமக்குக் காலில் ஒரு கொப்புளம் வந்தாலே தன்னால் நொண்டுவோம் இல்லையா, அந்த நொண்டல் அவருக்கு இல்லை. மாவுக்கட்டு போட்டு உடம்பின் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிட்டால், நாள்பட்ட புண்ணும் ஆறியது. ஆறிய பிறகு போட்டுக்கொள்ள, மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. 1960-களில் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின், அங்கே சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன கால்களுக்கும் இதே வைத்தியம் போய்ச் சேர்ந்தது.

சீழ் பிடித்திருந்தாலோ ரத்தக்குழாய் அடைத்திருந்தாலோ முதலில் அதைப் பார்த்தாக வேண்டும், சரி. மற்றபடி உள்ளங்காலில் வரும் புண்ணுக்கு இன்றைக்கும் சர்வதேச வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வது, முழங்கால்வரை வருகிற, கழற்ற முடியாத மாவுக்கட்டு போன்ற கட்டைத்தான். ஏன் கழற்ற முடியாதது? 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புண்மேல் பாரம் விழாமல் காக்கும், கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்தவர்களைக் கருவி வைத்து அளந்தார்கள். தங்கள் அன்றாட நடையில் 28 சதவீதத்துக்குத்தான் அதைப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்கிற நினைப்பு அமெரிக்காவிலும் உண்டு போல!

என் பெரியப்பாவுக்கு ஒரு மருத்துவமனையில் தினமும் டிரஸ்ஸிங். அதற்காக இரண்டு பஸ் மாறி, ஸ்டாண்டிலிருந்து வார்டுவரை அந்தப் புண்காலாலேயே நடந்து போவார். கட்டு மாற்றுவார்கள், ஆன்டிபயாடிக் எழுதுவார்கள். "எப்படி வந்தீங்க?" என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

1997-இல் அமெரிக்காவில், புண்ணில் புதுச் சதை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணி ஜெல்லுக்கு அனுமதி கிடைத்தது. அப்புறம் வெள்ளி கலந்த கட்டு, செயற்கைத் தோல், ஸ்டெம் செல் என்று ஆராய்ச்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறிய புண்ணே சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வந்துவிடுகிறது. அதைத் தடுக்க வேண்டிய எம்.சி.ஆர். செருப்பையோ, பெரியவியாதிக்காரர் போடுவது என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் கூச்சமில்லாமல் கழற்றிவிடுகிற மாதிரி அதை வடிவமைக்க யாராவது ஆராய்ச்சிப் பணம் கேட்டால், இன்னொரு களிம்புக்கு முன்னால் அதற்குத்தான் கொடுக்கச் சொல்வேன்.