மொபைல் டேட்டாவை யாராலும் ஒட்டுக்கேட்க முடியாதா?

“ரயில் நிலைய வைஃபையில் வங்கிச் செயலியைத் திறந்தாலே கடவுச்சொல் களவு போய்விடும், மொபைல் நெட்வொர்க்கில் யாரும் கை வைக்க முடியாது” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டு பாதியும் தவறு.

செயலிக்கும் வங்கி சர்வருக்கும் இடையே போகும் தகவலை டிஎல்எஸ் குறியாக்கம் பூட்டிவிடுகிறது. வைஃபை நடத்துபவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம், கடவுச்சொல் தெரியாது. தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தும் மீறித் தொடர்ந்தால்தான் வினை.

மொபைலில் பெரிய ஓட்டை பழைய 2ஜி நெட்வொர்க். அதில் சிம் உண்மையானதா என்று டவர் சோதிக்கும். சிம் டவரைச் சோதிக்காது. 3ஜி முதல் இருபுறமும் சோதனை உண்டு. ஆனாலும் போலி டவர் ஒன்று பலமான சிக்னலைக் காட்டி போனை 2ஜிக்கு இறக்கிவிட்டால், வங்கியின் பெயரிலேயே எஸ்எம்எஸ் அனுப்பலாம். அது உண்மையான வங்கிச் செய்திகளுக்கு நடுவிலேயே வந்து உட்காரும்! 2ஜியின் ஏ5/1 குறியாக்கமும் எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது.

நெட்வொர்க்குகளை இணைக்கும் எஸ்எஸ்7 முறையும் பழையது. 2017இல் ஜெர்மனியில் அதன் வழியாக ஓடிபி எஸ்எம்எஸ்களைத் திருப்பிவிட்டு, வங்கிக் கணக்குகளிலிருந்து பணத்தை எடுத்தார்கள். ஃபிஷிங்கில், அதாவது போலிச் செய்திகளையும் தளங்களையும் நம்பி, கடவுச்சொல்லை ஏற்கெனவே பறிகொடுத்தவர்கள்தான் சிக்கினார்கள்.

ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில், சிம் அமைப்புகளுக்குள் ‘2ஜியை அனுமதி’ என்ற பொத்தான் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். 2ஜி மட்டும் கிடைக்கும் ஊருக்குப் போனால் அழைப்பு வராது, அப்போது மறுபடி போட வேண்டும். மின்னஞ்சல் கணக்குகளுக்கு எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாக போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலியோ, கடவுச்சொல் இல்லாமல் போனின் கைரேகை அல்லது பின் மூலம் உள்நுழையும் பாஸ்கீயோ வையுங்கள்.