நார்மல் என்று வந்த அறிக்கை

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஞாயிறுதோறும் கைப்பந்து ஆடுபவர்களில் என் அக்காள் மகனும் ஒருவன். வயது 22. ஒரு செட் முடிந்ததும் முழங்காலில் கையூன்றிக் குனிந்து, நாலைந்து முறை தொண்டையைச் செருமிய பிறகே மறுபடி ஆட வருகிறான். கல்லூரி முதலாண்டில் தொடங்கிய சிகரெட் இப்போது நாளுக்கு ஆறேழு ஆகிவிட்டது. வற்புறுத்தி மூச்சுத்திறன் சோதனைக்கு அழைத்துச் சென்றேன். ஊதினான், நார்மல் என்று வந்தது. “பாத்தீங்களா மாமா, ஒண்ணுமில்ல” என்றான். அந்த நிம்மதிதான் என்னை அச்சுறுத்துகிறது.

மூச்சுக்குழல் மரக்கிளை போல ஏறத்தாழ 23 முறை பிரிந்து நுரையீரலுக்குள் இறங்குகிறது. புகையின் பாதிப்பு முதலில் பதிவது 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்குழல்களில். அவை எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், கணிசமானவை பழுதாகும் வரை ஊதும் சோதனையில் பெரிய மாற்றம் தெரியாது. நுரையீரலின் மௌனப் பகுதி என்றே மருத்துவர்கள் அதைச் சொல்கிறார்கள். திடீரென இறந்த இளைஞர்களின் நுரையீரல்களை ஆராய்ந்து 1974-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், புகைத்தவர்களின் நுண்குழல்களில் பழுப்பு நிறமியைச் சுமந்த தற்காப்புச் செல்கள் குவிந்து கிடந்தன.

அவனது செருமலுக்கும் காரணம் உண்டு. சளியை மேலே தள்ளும் நுண்மயிரிழைகளைப் புகை செயலிழக்கச் செய்கிறது. சளி சுரக்கும் செல்களோ பெருகுகின்றன. தள்ளுவதற்கு ஆளில்லாத சளியை இருமித்தான் வெளியேற்ற வேண்டும். நுரையீரல் தன் முழுத்திறனை எட்டுவதே இருபதுகளின் முற்பகுதியில் என்பதால், பதினெட்டில் தொடங்குபவன் அந்த உச்சத்தையே குறைத்துக்கொள்ளக்கூடும்.

“பின்னாளில் புற்றுநோய் வரும்” என்ற எச்சரிக்கை 22 வயதுக்காரன் காதில் ஏறுவதில்லை. இன்றே, இந்த ஆட்டத்திலேயே நடப்பதைத்தான் அவனிடம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். அவன் வாங்கும் பெட்டிக்கடையிலோ நூலில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. சிகரெட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார்கள். பாக்கெட்டின் 85 விழுக்காட்டை நிறைக்கும் எச்சரிக்கைப் படம் கடைக்காரரின் கையிலேயே தங்கிவிடுகிறது. இப்படி ஒவ்வொன்றாக விற்பதைத் தடுக்காமல் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயன் குறைவுதான்.

இந்த வயதில் நிறுத்தினால் இருமலும் சளியும் பெரும்பாலும் சில மாதங்களில் குறையும், நுரையீரல் தேயும் வேகமும் தணியும். புகையிலையை விட உதவும் கட்டணமில்லாத் தேசிய எண் 1800-112-356. அவன் கைப்பேசியில் நானே பதிந்து கொடுத்தேன். இன்னும் அழைக்கவில்லை, அழிக்கவும் இல்லை.